‘அதுதான் என் பிள்ளை’ என்றார் அந்த மனிதர்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. செம்பனை எண்ணெய் விலை படுத்துக்கிடந்த சமயம். மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே போகும் சாலையில், உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் நான் செம்பனைப் பழக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். இன்று அந்தத் தோட்டமும் இல்லை, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமும் இல்லை. வீட்டு மனைகளாக்கி விற்றுவிட்டார்கள். அங்கே எனக்கு நேர்ந்ததை என் மகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது என் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். பிரசவத்துக்குப் பிறகே உடம்பு தேறவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தாமதமாகிவிட்டது. அதைப்பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு எங்கோ போய்விடும். விட்டுவிடுகிறேன்.

குலை வெட்டுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. புருஷன் நீளக் கம்பில் மாட்டிய அரிவாளால் குலையை அறுத்துத் தள்ளுவான். பெண்சாதி பின்னாலேயே வந்து, விழுந்த வேகத்தில் சிதறிய பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவாள். கூலி எடைக்குத்தான். கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலையை, அவள் போன பிறகு நான் மட்டும் செய்தேன். வெட்டுவதையும் நானே வெட்டி, பொறுக்குவதையும் நானே பொறுக்கினால் பாதி எடைகூடத் தேறாது. அதில் விலை வேறு விழுந்துவிட்டது.

முன்பெல்லாம் தோட்டத்தில் ஆயாக் கொட்டாய் இருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விடிகாலையில் கொண்டுபோய் விடுவார்கள். ஓர் ஆயா பார்த்துக்கொள்வாள். நானே அங்கே வளர்ந்தவன்தான். காசு எதுவும் கிடையாது, தோட்டத்துச் செலவு. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு ஆள் குறைந்தது. பெண்களில் பாதிப் பேர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போக ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் கம்மி என்று சொல்லி நிர்வாகம் கொட்டாயை மூடிவிட்டது. என் மகள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அது உரமூட்டை அடுக்கும் இடமாக மாறியிருந்தது.

சொந்தக்காரர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். என் அண்ணன் அதே லயத்தில்தான் இருந்தார். அண்ணி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மனைவியின் அக்காள் தங்கைகள் பேராக் பக்கம். சாவுக்கு வந்தவர்கள் பிள்ளையை ஆளுக்கொரு முறை தூக்கி அழுதார்கள், பதினாறாம் நாள் முடிந்ததும் பஸ் ஏறினார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அவரவர் வீட்டிலும் இதே பாடுதான்.

பக்கத்து வீட்டு அக்காள்தான் கைகொடுத்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூன்று பேர். உரம் போடும் குழுவில் வேலை. என் மகளைப் பார்த்துக்கொள்வதற்காக அந்த வேலையை விட்டார். மாதம் நாற்பது வெள்ளி கொடுத்தேன். குழந்தை அவர் இடுப்பிலேயே வளர்ந்தது. நான் வேலை முடிந்து வரும்போது குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் பொட்டு வைத்து வைத்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் கை வலி தெரியாது.

ஒரு வருடம்போல ஓடியது. பிறகு அவர் வீட்டுக்காரருக்கும் வேலை நாட்கள் குறைந்தன. ஒருநாள் சாயங்காலம் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றார்.

“தம்பி, தப்பா நெனைக்காத. உரம் போடப் போனா எனக்கு நூறு வெள்ளிக்கு மேல வரும். அறுபதாச்சும் குடுத்தியன்னா நான் பாத்துக்குவேன். இல்லாட்டி அவரு என்னைய வேலைக்குப் போகச் சொல்றாரு.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கேட்க வெட்கப்பட்டுக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். அறுபது நியாயமான தொகைதான். ஆனால் அந்த மாதங்களில் கடைப் பாக்கி, பால்மாவு போக என் கையில் நிற்கிற காசில் அறுபது இல்லை. சரி, பார்க்கிறேன் அக்கா என்றேன். மாதம் பிறந்ததும் அவர் வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் உங்களுக்கு என்மேல் கோபம் வரலாம். பிள்ளையை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குலை ஏற்றும் கைவண்டியில் சாக்கை மடித்துப் போட்டு உட்காரவைத்து, வெட்டுகிற இடத்திலிருந்து தள்ளி, பாதையோரத்தில் நிறுத்துவேன். ஒவ்வொரு மரத்துக்கும் போய் வெட்டிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். செம்பனைக் காட்டில் பாம்புக்குப் பஞ்சமில்லை. ஒரு குலை மேலே விழுந்தால் பெரிய ஆளே பிழைக்க மாட்டான். எல்லாம் தெரிந்துதான் கூட்டிப்போனேன். வீட்டில் தனியாகப் பூட்டிவைக்க மனம் வரவில்லை.

ஒருநாள் அப்படி வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வண்டியில் பிள்ளை இல்லை. ஓடினேன். வாய்க்கால் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் சிவப்பு. மோவாயிலிருந்து சட்டைவரை சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. ரத்தம் என்றுதான் நினைத்தேன். நான் போட்ட கத்தலில் அடுத்த வரிசையில் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த மண்டோர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால், உதிர்ந்து கிடந்த பழத்தை எடுத்துக் கடித்துத் தின்றிருக்கிறாள். அந்தப் பழத்து எண்ணெய்தான் சிவப்பு. என்னைப் பார்த்துச் சிரித்து, கையிலிருந்த மிச்சப் பழத்தை நீட்டினாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுதான் இடம் இருந்தது. மழைக்காலம், வாய்க்கால் நிறைந்து ஓடியது.

மண்டோர் என்னை அடிக்க வந்ததுபோல வந்தார். பிறகு நான் இருந்த நிலையைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

“ஏம்பா, நாளைக்கு இதுக்கு ஒன்னு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? தொரைக்குத் தெரிஞ்சா உன் பேரையும் வெட்டுவாரு, என் பேரையும் வெட்டுவாரு. இனிமே காட்டுக்குத் தூக்கிட்டு வராத. இன்னொரு கல்யாணத்தக் கட்டிக்க லா. பொம்பள இருந்தா இந்தப் பாடு உண்டா?”

பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறவர்களை அதற்கு முன்னும் பின்னும் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தவர்களும் இல்லை.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான், கஷ்டப்படுகிறவர்களுக்கு அரசாங்கத்தில் உதவி இருக்கிறது, டவுனில் போய்க் கேட்டுப் பார் என்றார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். காத்திருப்பவர்களுக்குப் போட்டிருந்த பலகையில் நிறையப் பேர். பெரும்பாலும் பெண்கள். மகளுக்கு நல்ல கவுன் போட்டிருந்தேன். தலையை நானே வாரி, நானே ரிப்பன் கட்டியிருந்தேன். அது கோணல்மாணலாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்காரப் பாட்டியம்மா அதை அவிழ்த்து, அழகாகக் கட்டிக் கொடுத்தார்.

என் முறை வந்தது. நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. சிரித்த முகம். மலாயில் பொறுமையாக எல்லாம் விசாரித்தார். நானும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதம் அறுபது வெள்ளி கொடுக்க வேண்டும், நாற்பது என்னால் முடியும், மிச்சம் இருபது வெள்ளி ஒரு வருஷத்துக்குக் கிடைத்தால் போதும், விலை ஏறியதும் நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். இருபது வெள்ளி. அவ்வளவுதான் நான் கேட்டது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உங்களுக்குச் சம்பளம் வருகிறது, கை கால் நன்றாக இருக்கிறது, விதவையாக இருந்தால் ஒரு வழி உண்டு, ஆண்பிள்ளைக்கு அப்படி இல்லை என்று விளக்கினார். பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வதற்கெல்லாம் பணம் கொடுக்க விதி கிடையாதாம். எனக்கு அது புரிந்தது. எழுந்துகொள்ளப் போனேன். அப்போது அவர், “கொஞ்சம் இருங்கள், பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது” என்றார்.

கிள்ளான் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லம். தமிழர்கள் நடத்துவது. சாப்பாடு, துணிமணி, டாக்டர், பாலர் பள்ளி எல்லாம் அங்கேயே. எனக்கு ஒரு காசு செலவில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். நிலைமை சரியானதும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அவரே போன் போட்டுப் பேசினார். இடமும் இருந்தது. நான் இருபது வெள்ளி கேட்ட அதே மேசையில், என் பிள்ளையை முழுசாக எடுத்துக்கொள்ள இடம் கிடைத்தது.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, இல்லத்தில் ஆகிற செலவில் பாதி கொடுத்தாலும் போதுமே அம்மா என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டது புரியாமல் இல்லை. கொஞ்ச நேரம் என் மகளையே பார்த்தார். “அப்படி ஒன்று இல்லையே” என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டினார். பிறகு தன்னைத் திட்டிக்கொண்டார். பிறகு குழந்தையின் துணிகளை எல்லாம் துவைத்து மடித்துக் கொடுத்தார். வாய்க்கால் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அது இல்லாவிட்டால் நான் சம்மதித்திருக்க மாட்டேன். இல்லத்தில் அவளை விட்டுவிட்டு வெளியே வந்தபோது உள்ளேயிருந்து அவள் அழும் சத்தம் ரோடுவரை கேட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஒருவர், யார் பிள்ளையோ இப்படிக் கத்துது என்றார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மதியமாகிவிடும். முதல் சில மாதங்கள் என்னைக் கண்டதும் ஓடிவருவாள், கிளம்பும்போது காலைக் கட்டிக்கொள்வாள். அங்கே இருந்தவர்கள், நீங்கள் வந்து போனால் பிள்ளை இரண்டு நாள் சாப்பிடுவதில்லை, கொஞ்சம் இடைவெளி விட்டு வாருங்கள் என்றார்கள். அவள் நல்லதுக்குத்தானே என்று விட்டேன். சில மாதங்கள் ஞாயிறு வேலையும் வந்தது. அந்த எக்ஸ்ட்ரா கூலியைச் சேர்த்தால் சீக்கிரம் கூட்டிவந்துவிடலாம் என்று ஒரு கணக்கு. அப்படியே நான் போவது குறைந்து குறைந்து, இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் அக்காவின் குடும்பம் தோட்டத்தை விட்டு ரவாங் பக்கம் வேலைக்குப் போய்விட்டது. விலை கொஞ்சம் தேறியபோது என் மகளைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

மறக்க முடியாத அந்த நாள் அதற்குப் பிறகு வந்தது. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. நான் ஒரு கவுனும், அவளுக்குப் பிடிக்குமே என்று முறுக்குப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் கார்கள் நின்றன. பந்தல் போட்டிருந்தார்கள். டவுன்காரர்கள் குடும்பத்தோடு வந்து பிள்ளைகளுக்குத் துணியும் பலகாரமும் கொடுக்கும் நாளாம். எனக்குத் தெரியாது. திரும்பிப் போகவும் மனமில்லை. ஓரமாக நின்றேன்.

பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். என் மகளும் நின்றாள். வளர்ந்திருந்தாள். தலையை இரட்டைப் பின்னலாகப் போட்டுப் பூ வைத்திருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பொட்டலம் கொடுத்தார்கள். வாங்கிய பிள்ளை கைகூப்பி, “தேங்க் யூ அங்கிள்”, “தேங்க் யூ ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. அழகாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அவளைப் பார்த்ததும் நிற்க முடியவில்லை. நானும் போனேன். அவள்முன் குனிந்து பையை நீட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பையை இரண்டு கையாலும் வாங்கினாள். கைகூப்பினாள்.

“தேங்க் யூ அங்கிள்.”

சொல்லிவிட்டு அடுத்தவர் யார் என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

அவள் என்னை அடியோடு மறந்திருந்தாள் என்று சொல்ல மாட்டேன். முன்பு பார்த்த முகம் என்று ஒரு சந்தேகம் அவள் கண்ணில் இருந்தது. ஆனால் வரிசையில் நின்று யார் எதைக் கொடுத்தாலும் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது. நான் நகர்ந்துவிட்டேன். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நல்ல சட்டை, பேச்சில் பணிவு. கையில் குளிர்பானம் இரண்டு வைத்திருந்தவர் ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

“நீங்க எந்தப் பிள்ளைக்குக் கட்டுறீங்க?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். இல்லத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவர் மாதாமாதம் பணம் கட்டுகிறார்களாம். தமக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை, அதனால் இரண்டு வருடமாக ஒரு பெண் குழந்தைக்குக் கட்டி வருகிறாராம். வரிசையைக் கை காட்டினார்.

“அதோ, ரெட்டப் பின்னல் போட்டுருக்குதே. அதுதான் என் பிள்ளை. நூத்தியிருபது வெள்ளி கட்டுறேன், ஒரு மாசம் தவறுனதில்ல. பாவம், அப்பா அம்மா இல்லாதது.”

அவர் காட்டியது என் மகளை.

குளிர்பானத்தைக் கீழே வைத்தேன்.

“அதுக்கு அப்பா இருக்காரு சார். நான்தான்.”

அவர் முகம் மாறிவிட்டது. கெட்ட மனிதராக இருந்தால் சிரித்திருப்பார், இல்லை சண்டைக்கு வந்திருப்பார். இவர் உண்மையாகவே கலங்கிப்போனார். ஆதரவில்லாத பிள்ளைகள் என்றுதான் தமக்குச் சொன்னார்கள், அப்படியென்றால் அம்மா அப்பா இல்லை என்றுதானே நினைக்கத் தோன்றும் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நீங்க இருக்கும்போது ஏன் இங்க கொண்டாந்து விட்டீங்க?”

“வீட்டுல வெச்சிப் பாத்துக்க யாரும் காசு குடுக்கல சார். இங்க விட்டா குடுக்கறாங்க.”

அதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் விடவில்லை. தேடினால் தோட்டத்தில் இப்போதும் யாராவது ஓர் அம்மா கிடைக்காமல் போக மாட்டார், அறுபது எழுபது வெள்ளி கொடுத்தால் பார்த்துக்கொள்வார், நீங்கள் கட்டுகிற பணத்தில் பாதியை அங்கே கொடுத்தீர்களென்றால் நான் இன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. அதுவரை யாரிடமும் நான் அப்படிக் கை நீட்டியதில்லை.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அது எப்படிங்க முடியும்? இல்லத்துக்குக் குடுத்தா ரசீது தர்றாங்க. பிள்ளைக்குத்தான் போய்ச் சேருதுன்னு எனக்குத் தெரியும். உங்க கையில குடுத்தா, நாளைக்கு நான் யார்கிட்ட போயிக் கேக்கறது?”

பிறகு பர்ஸை எடுத்து ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை என் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் நோட்டைப் பர்ஸுக்குள் திருப்பி வைத்தார். அந்தப் பக்கம் பிள்ளைகள் ஏதோ பாட ஆரம்பித்திருந்தார்கள்.

இல்லத்தை நடத்திய அம்மாவிடம் அன்றே போய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை, ஆனால் ஒன்று கேட்டார்.

“கூட்டிட்டுப் போயி யாருகிட்ட விடுவீங்க அண்ணே? நீங்க காலைல வேலைக்குப் போனா அது எங்க இருக்கும்?”

முதல் நாளிலிருந்து நான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. இப்போது அதை என்னிடமே திருப்பிக் கேட்டார்கள். இன்னும் ஒரு மாதம் டைம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தீபாவளி கழிந்ததும் தோட்டத்தில் என் பேரை வெட்டச் சொன்னேன். மண்டோருக்கு நம்ப முடியவில்லை. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறந்த இடத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் பாயோடும் வெளியேறினேன். ஜெராம் தாண்டி சுங்கை செம்பிலாங்கில், மீன் இறக்கும் கொட்டகை ஒன்றில் வேலை கிடைத்தது. முதலாளி ஒரு சீன தவுக்கே. படகு வந்ததும் மீனைப் பிரித்து, ஐஸ் கொட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். தோட்டத்தில் கிடைத்ததைவிடக் கூலி குறைவு, நாற்றம் அதிகம். ஆனால் தவுக்கேயின் மனைவி கணக்குப் பார்க்கும் மேசைக்குக் கீழேயே அவர் பிள்ளைகள் படுத்துத் தூங்கின. என் பிள்ளையும் இங்கே இருக்கலாமா என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அந்த வேலையை எடுத்தேன்.

மகளைக் கூட்டிவரப் போன நாளில் அவள் அழுதாள். என்னிடம் வர மாட்டேன் என்று, அங்கே அவளைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்த பெண்ணின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. முதலில் என்னிடமிருந்து பிரித்து அங்கே விட்டேன், இப்போது அங்கிருந்து பிரித்து இழுத்து வருகிறேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் ஜன்னலோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். கோலசிலாங்கூர் ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகு, “அங்கிள், எப்ப வீட்டுக்குப் போவோம்?” என்று கேட்டாள். வீட்டுக்குத்தான் போகிறோம் என்றேன். அவள் கேட்டது என் வீட்டை இல்லை, இல்லத்தை.

மீன் கொட்டகையில் முதல் சில வாரங்கள் யாரிடமும் பேச மாட்டாள். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால், எல்லாரும் உட்காரட்டும் என்று கைகட்டிக் காத்திருப்பாள். எல்லாரும் என்று அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதையும் பாடமாகச் சொல்லிக் கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. தவுக்கேயின் பிள்ளைகள் அவர்கள் அப்பாவை ‘பா’ என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் இவளும், ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என்னை அப்படிக் கூப்பிட்டாள். தமிழில் அப்பா என்று வர அதற்குப் பிறகும் நாளானது.

அந்த மனிதரைப் பிறகு ஒருமுறை பார்த்தேன். விலாசம் கேட்டு விசாரித்து, சுங்கை செம்பிலாங்குக்கே காரில் வந்துவிட்டார், மனைவியோடு. பிள்ளைக்கு உடை வாங்கி வந்திருந்தார். மீன் பெட்டிகளுக்கு நடுவில் அவள் விளையாடுவதைப் பார்த்து, அவர் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டார். இங்கே இருப்பதற்கு அங்கேயே நன்றாக இருந்திருக்குமே என்று அந்த மனிதர் சொல்லவில்லை. பார்வையில் இருந்தது. இப்போது வேறொரு பிள்ளைக்குக் கட்டுவதாகச் சொன்னார். நல்லது சார் என்றேன். அவர் கார் திரும்பும்வரை நின்று கையசைத்தேன்.

என் மகள் நன்றாகத்தான் வளர்ந்தாள். இப்போது புக்கிட் செந்தோசாவில் இருக்கிறாள். நானும் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். புருஷன் பெண்சாதி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பேரனைக் காலையில் பராமரிப்பு நிலையத்தில் விட்டு, சாயங்காலம் கூட்டிவருகிறாள். அதற்கு ஆகிற செலவைப்பற்றிப் போனில் புலம்புவாள். நேரமாகிவிட்டது, நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

தோட்டத்தை விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் வாழ்க்கையில் நான் இல்லாமல் போன அந்த இரண்டு வருடம்தான் வலிக்கிறது. எந்தச் சொல்லை எப்போது சொன்னாள், கடைவாய்ப் பல் எப்போது முளைத்தது, காய்ச்சலில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எதுவும் எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் அதையெல்லாம் பார்த்திருப்பார். நான் மாதம் இருபது வெள்ளிக்கு வழியில்லாமல் அதை இழந்தேன்.

ஆபீஸில் இருந்த அம்மா நல்லவர், மண்டோர் நல்லவர், இல்லத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள், மாதம் தவறாமல் பணம் கட்டிய அந்த மனிதர் எல்லாரையும்விட நல்லவர்; இத்தனை நல்லவர்கள் சேர்ந்துதான் என் பிள்ளையை என்னை ‘அங்கிள்’ என்று கூப்பிட வைத்தார்கள் என்பதால், யாரை நினைத்துக் கோபப்படுவது என்று தெரியாமல் அந்தக் கோபம் இன்றுவரை என்னிடமே தங்கிவிட்டது.